ஜெரால்டின் மூச்சு

போன வாரம் சந்தோஷமான இடத்தில் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ஹாலில் மூச்சுப் பரிசோதனை முகாம். சுகிர்தா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அவளுடைய அப்பா ஜெரால்ட் வந்து ஊதிவிட்டுப் போயிருந்தார். அவர் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்து அவள் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். அதோடு கதையை முடித்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாக இருந்திருக்கும். ஆனால் வியாழக்கிழமை வந்துவிட்டது.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜெரால்ட் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்ப்பவர். இரும்பைக் காய்ச்சி மணல் அச்சில் ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்து உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். அந்த உடைக்கிற இடத்தில்தான் அவர் முப்பது வருடமாக நிற்கிறார். அங்கே மணல் தரையில் கிடப்பதைவிடக் காற்றில் கிடப்பதுதான் அதிகம்.

அவருடைய ஒரே மகள் சுகிர்தா ஜெர்மனியில் 'போஸ்ட் டாக்'. இது என்ன உத்தியோகம் என்று கேட்காதீர்கள். டாக்டர் பட்டம் வாங்கியாகிவிட்டது, ஆனால் ஊசி போடத் தெரியாது. சம்பளம் உண்டு, ஆனால் வேலை நிரந்தரம் கிடையாது. இதைத் தெருவுக்கு விளக்கி விளக்கி அவளுடைய அம்மா ஏஞ்சலுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் "எலிக்கு நெஞ்சு பாக்குற டாக்டரு" என்று சொல்லி விவகாரத்தை முடித்துவிட்டாள். தெருவும் ஒப்புக்கொண்டுவிட்டது.

நம் பக்கத்தில் முப்பது வயதுப் பெண்ணைப் பார்த்தால் எப்போது கல்யாணம் என்று கேட்பார்கள். அந்தப் பக்கத்தில் போஸ்ட் டாக்கைப் பார்த்தால் "உங்கள் ஆய்வு ஆர்வம் என்ன?" என்று கேட்பார்கள். காபி வாங்க வரிசையில் நின்றாலும் கேட்பார்கள். சுகிர்தாவின் பக்கத்து மேஜைக்காரிக்குக் குறைமாதக் குழந்தைகளின் குடல். எதிர் மேஜைக்காரனுக்கு வயதானவர்களின் தூக்கம். எல்லாரும் படிப்புப் பாஷையில்தான் பதில் சொல்வார்கள். ஆனால் இரண்டு நாள் கூடப் பழகிப் பார்த்தால் தெரியும், அந்த மேஜைக்காரிக்கு ஏழு மாதத்தில் பிறந்து இறந்துபோன தம்பி ஒருவன் இருந்தான், அந்த மேஜைக்காரனுடைய தாத்தா ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு ஆர்வத்துக்கு அடியிலும் ஒரு வீட்டு மனுஷர் இருக்கத்தான் செய்கிறார்.

சுகிர்தாவுக்கு அவளுடைய அப்பா.

மணலில் இருக்கும் கல்தூசி போன நுரையீரலில் தழும்பு விழும். சாயம் ஏற்றிக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தால் அந்தத் தழும்பு நீலமாகத் தெரியும். ஜெரால்டோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இருமி இருமியே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜெரால்ட் மட்டும் வருடா வருடம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் இளவட்டப் பையன் மாதிரி ஊதுகிறார். அதே மணல், அதே கொட்டகை. சிலருக்கு மட்டும் ஏன் தழும்பு விழுவதில்லை? அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்களுக்கு மருந்து கிடைக்கும். இதுதான் சுகிர்தாவின் ஆய்வு ஆர்வம். ஆறு வருடமாக, எலிகளை வைத்துக்கொண்டு, அந்த ஊர்க் குளிரில், அவள் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான்.

இன்று மாலை நாலு மணிக்கு வீடியோவில் நேர்காணல். தேறினால் நாலு வருடத்துக்கு அவள் பெயரிலேயே ஓர் ஆய்வுக்கூடம், அங்கே. ஏற்கெனவே அனுப்பிய விண்ணப்பத்தின் முதல் வரியே இப்படித்தான்: 'என் தந்தை முப்பது ஆண்டுகள் மணல் தூசியில் நின்றார்; அவருடைய நுரையீரலில் தழும்பு விழவில்லை.' லீவில் ஊருக்கு வந்த இடத்தில், முறைப்படி அனுமதி வாங்கி, கையோடு கொண்டுவந்த மெஷினில் முகாமும் நடத்தி, அப்பாவின் மூச்சை ஒரு தரம் சொந்தமாகவும் அளந்தாகிவிட்டது. இனி பேச வேண்டியதுதான் பாக்கி.

காலையில் ஜெரால்ட் முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினார். வாசல்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினார். கட்டி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சாயந்தரம் இன்டர்வியூ. நாலு மணிக்கு."

"தெரியும்."

"உங்களைப் பத்திதான் மொதல்ல சொல்லப் போறேன்."

"நல்லா பேசு," என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

அப்பா எப்போதுமே இப்படித்தான். போனிலும் இப்படித்தான். சாப்ட்டியா, சரி, அம்மாகிட்ட குடுக்குறேன். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கு மேல் அவர் பேசியதாக அவளுக்கு நினைவில்லை. ஜெர்மனியில் அறைக்குத் திரும்பும் வழியில் டிராமில் உட்கார்ந்து அவள் பல நாள் யோசித்திருக்கிறாள், இந்த மனுஷனுக்கு என்னோடு பேச ஒன்றுமே இல்லையா என்று. கேட்கத் தைரியம் வந்ததில்லை.

நாஷ்டா முடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். முகாமில் ஊதியவர்களின் கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் படமாகக் காட்டலாம் என்று ஆசை. மெஷினில் ஊதினால் திரையில் ஒரு கோடு வரும். மலை மாதிரி சட்டென்று ஏறி, சரிந்து இறங்கும். ஆளுக்கு ஆள் அது மாறும்.

ஐந்து கோடுகள் மட்டும் மாறவில்லை.

உயரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. ஆனால் ஐந்திலும் ஏறத் தொடங்கும் இடத்தில், ஒரே மாதிரி, சின்னதாக ஒரு வெட்டு. ஐந்தில் ஒன்று ஜெரால்டின் பெயரில் இருந்தது.

மெஷின் கோளாறாக இருக்கும் என்று நினைத்தாள். முகாமுக்கு உதவிக்கு வந்த நர்ஸ் பூமிகாவுக்குப் போன் போட்டாள். பூமிகா மணவாள நகரில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறவள்; இந்த ஊரில் யாரையும் முன்பின் தெரியாது.

"பூமிகா, மதியத்துக்கு மேல ஃபில்டர் எதாச்சும் மாத்துனியா?"

"இல்லக்கா. ஏன்?"

"அஞ்சு பேருக்கு ஒரே மாதிரி வந்துகிது. எல்லாம் சாப்பாட்டு டைம்ல."

"அப்போ நான் இல்லக்கா. பீட்டர் சார்தான் பாத்துக்கினாரு. எப்டி ஓட்டுறதுன்னு காலைலயே கத்துக்கினாரு. 'நீ போயி சாப்டும்மா, நாலு பேருதான கீறாங்க, நான் ஊத வச்சிடுறேன்'ன்னாரு. தப்பாக்கா?"

சுகிர்தா போனை வைத்தாள். பீட்டரை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அப்பாவோடு ஃபவுண்டரியில் வேலை செய்கிறவர், சர்ச் பேண்டில் முதல் டிரம்பெட் அவர்தான். கல்யாணமோ சாவோ மாதா திருவிழாவோ, அவர் ஊதினால் பஜார் வரைக்கும் கேட்கும். சின்ன வயதில் அவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள், மாமா ஊதுறதுக்கு முன்னாடி ஏன் நாக்கை அப்படி வைக்கிறீங்க என்று. நாக்கை வைத்து எடுத்தால்தான் சத்தம் சுத்தமாக ஆரம்பிக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தச் சின்ன வெட்டு என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அம்மாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எளாவூருக்குப் போனாள். செக்போஸ்ட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பீட்டரின் வீடு ரோட்டோரப் பஞ்சர் கடைக்குப் பின்னால். அவருக்கு இன்று இரண்டாவது ஷிஃப்ட். லுங்கியோடு உட்கார்ந்து டிரம்பெட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. இன்னா இவ்ளோ தூரம்? இன்னிக்கிதான உனுக்கு இன்டர்வியூ?"

"மாமா, ஞாயித்துக்கெழம நீங்க எத்தினி பேருக்கு ஊதினீங்க?"

பீட்டர் எண்ணெய்க் குப்பியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"யாரு சொன்னது?"

"நீங்கதான் சொல்லிகீறீங்க." லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். ஐந்து கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாத்திதான ஊதினேன். அருணாச்சலத்துக்குப் பாதி மூச்சுலயே நிறுத்திட்டேனே."

"ஆரம்பிக்கிறப்போ நாக்க வச்சிட்டீங்க மாமா. அஞ்சுலயும் அதே எடத்துல கீது."

"பழக்கம்," என்றார் பீட்டர் மெதுவாக. ஒரு கலைஞனுக்கு மாட்டிக்கொள்ளும் நேரத்திலும் கொஞ்சம் பெருமை வரத்தான் செய்யும். அது வந்து போனதையும் சுகிர்தா பார்த்தாள். மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"கம்பெனி மெடிக்கல்லயும் நீங்கதானா?"

"வருசா வருசம். வேன் வரும். எல்லாரும் ஹெல்மெட்டு, முகத்துல துணி. யாரு யாருன்னு அந்தப் புள்ளைங்களுக்கு இன்னா தெரியும்? கார்ட மாத்திக்குவோம். ஊதல் கம்மியா வந்துச்சுன்னா அடுத்த மாசம் காண்ட்ராக்ட்காரன் பேர எடுத்துடுவான். நான் யார்டுல லோடு ஏத்துற ஆளு, வெளிக்காத்துல கீறேன், எனுக்கு நெஞ்சு நல்லா கீது. நாலு பேருக்கு ஒதவட்டுமேன்னு ஊதுறேன். இதுல இன்னா தப்பு?"

"அப்பாவுக்கு எப்போலேர்ந்து?"

பீட்டர் டிரம்பெட்டைத் துணியில் சுற்றினார். ரொம்ப நேரம் சுற்றினார்.

"நீ வெளிநாடு போன வருசத்துலேர்ந்து. அவரா கேக்கல பாப்பா. லைன்ல நின்னவரு ரெண்டு தபா கீழ உக்காந்துட்டாரு. நான்தான் கைலேர்ந்து கார்ட வாங்கினேன்."

லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு நகர்ந்தது. 

"நான் காண்ட்ராக்ட்காரனா மாமா? எனக்கு ஏன் இப்டி பண்ணீங்க?"

"மத்த நாலு பேரும் பயந்துகினாங்க. நீ எழுதுறது எங்கியாச்சும் போயி நிக்கும்னு."

"யாரு பேரும் வெளிய போவாது. அத்த நானே சொன்னேனே, ஹால்ல."

"சொன்ன. பயம் கேக்குதா? உங்கப்பாவோட பயம் வேற." பீட்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "'பாப்பா இந்த நெஞ்ச நம்பித்தான் படிச்சிகினு கீது பீட்டரு, இப்போ போயி அத்த ஒடைக்க சொல்றியா'ன்னாரு. நான் இன்னா பண்றது? ஊதிட்டேன்."

திரும்பும் வழியில் ஸ்கூட்டி எந்தப் பக்கம் போனது, எந்தப் பாலம் தாண்டியது என்று அவளுக்குத் தெரியாது. ஆறு வருடம் அவள் மூச்சு என்று எழுதியதெல்லாம் பீட்டர் மாமாவின் மூச்சு. அந்தக் கேள்வியை அவள் நேசித்திருந்தாள். மற்றவர்களுக்குக் காதலன், குழந்தை என்று இருக்குமே, அந்த இடத்தில் அவளுக்கு அந்தக் கேள்வி இருந்தது. அது இப்போது செத்துப்போயிருந்தது. அதை நினைத்து முதலில் அழுகை வந்தது, அப்பாவை நினைத்து அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசைக்காக அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வீட்டில் ஏஞ்சல் கட்டில் மேல் போர்வையை விரித்துப் போட்டு, நேர்காணலுக்கு மகள் போட்டுக்கொள்ள வேண்டிய நீல குர்தாவுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க போன? வெயில்ல சுத்திகினு வந்தா மொகம் கறுத்துப் போவாதா?"

"உனக்குத் தெரியுமாம்மா?"

ஏஞ்சல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட சுகிர்தாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ராத்திரி மூணு தலவாணி வச்சி சாச்சி உக்கார வச்சாதான் தூக்கம் வருது அவுருக்கு. கூட படுக்குறவளுக்குத் தெரியாம போவுமா?"

"நான் வந்து ரெண்டு வாரம் ஆவுது. ஒரு நாளும் பாக்கலியே."

"நீ வந்ததுலேர்ந்து அவரு தூங்கல."

சுகிர்தா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குர்தா அவள் முட்டியின் கீழ் கசங்கியது. ஏஞ்சல் அதை இழுக்கவில்லை.

"ஏம்மா சொல்லல? ஆறு வருசமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"வந்திருப்பேன்."

"அதுக்கோசரந்தான் சொல்லல." ஏஞ்சல் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ ஞாயித்துக்கெழம போன் பண்ணுவ. எப்டிம்மா கீறீங்கன்னு கேப்ப. அப்பாக்கு மூச்சு வாங்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், நீ அடுத்த பிளைட்ல வந்து நிப்ப. எனுக்குத் தெரியாதா? அந்த வார்த்த இங்கியே நிக்கும்டி, தொண்டையில. எனுக்கு உன்ன பாக்கணும் போல இருக்கும். உன் தல வாசனையே மறந்து போச்சேன்னு இருக்கும். உன்ன கொண்டாறதுக்கு ஒரே ஒரு வார்த்த, அது என் வாயிலயே கீது. முழுங்கிட்டு, நல்லா கீறோம், நீ நேரத்துக்கு சாப்டுன்னுவேன். போன வச்சிட்டு பாத்ரூமுக்குள்ள போயி அழுவேன்."

சுகிர்தா அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஏஞ்சல் குனிந்து மகளின் தலையை முகர்ந்தாள். கூச்சப்படாமல், நிதானமாக, பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி.

ஷிஃப்ட் பஸ் ஜெரால்டைத் தெருமுனையில் இறக்கிவிட்டபோது சுகிர்தா ஜன்னலில் நின்றிருந்தாள். எத்தனையோ தரம் அப்பா நடந்து வருவதைப் பார்த்திருக்கிறாள். இன்றுதான் பார்த்தாள். கரண்ட் கம்பத்தருகே நின்று போனை எடுத்து எதையோ தேடினார். தண்ணீர்க் குழாயடியில் நின்று குடத்தோடு இருந்தவளிடம் தலையாட்டினார். எதிர்வீட்டுச் செம்பருத்தியை நின்று ரசித்தார். அப்பாவுக்குத் தெருவில் எல்லாரிடமும் பழக்கம் என்று அவள் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தார். மேஜை மேல் மெஷினும் புது ஊதுகுழலும் இருந்தன. மனைவியின் முகத்தைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"பீட்டரா சொன்னான்?"

"அவர் சொல்லலப்பா. அவர் மூச்சு சொல்லிடுச்சு."

ஜெரால்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்டர்வியூ முடியட்டும் பாப்பா."

"இல்லப்பா. இப்போ."

"நீ அங்க போயி பேசணும். இத்த பாத்துட்டு எப்டி பேசுவ?"

"இத்த பாக்காம எப்டிப்பா பேசுறது?"

 அவர் குழலை வாங்கி வாயில் வைத்தார். சுகிர்தா முகாமில் எல்லாருக்கும் சொன்னதையே சொன்னாள்: நல்லா உள்ள இழுங்க, ஒரே மூச்சா வேகமா ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும், இன்னும். குரல் நடுங்காமல் சொன்னாள், அதற்காக அவளைப் பாராட்டித்தான் ஆக வேண்டும்.

திரையில் கோடு கொஞ்சம் ஏறியது. அப்புறம் மேலே போக வழி தெரியாத மாதிரி இறங்கிவிட்டது. அவர் உயரத்துக்கும் வயதுக்கும் வர வேண்டியதில் பாதிகூட இல்லை. மூன்று தடவை ஊத வைக்க வேண்டும் என்பது விதி. இருமல் அடங்குவதற்காக ஏஞ்சல் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சுகிர்தா இரண்டாவது தடவை கேட்கவில்லை.

"மார்க் கம்மியா பாப்பா?" என்றார் ஜெரால்ட்.

"கம்மிதாம்ப்பா."

ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்குள் அவள் எத்தனையோ நாள் மெய்மறந்து பார்த்த நீலம் நினைவுக்கு வந்தது. எலியின் நெஞ்சில் அது அழகாக இருக்கும். அவள் அதைப் படம்பிடித்துச் சுவரில்கூட ஒட்டி வைத்திருந்தாள்.

நாலு மணிக்குக் குர்தாவை மாற்றிக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். பின்னால் இருந்த கதவைச் சாத்தவில்லை. திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த நரைமுடி அம்மாள் சிரித்தபடி, எல்லாரும் கேட்கிற அதே கேள்வியைத்தான் கேட்டார். உங்கள் ஆய்வு ஆர்வம் என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

பழகிவைத்த முதல் வரி நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் போதும், நாலு வருடம் கைக்கு வந்துவிடும். அங்கே இருப்பவர்கள் யாரும் எளாவூருக்கு வந்து பீட்டரை விசாரிக்கப் போவதில்லை.

"என் விண்ணப்பத்தின் முதல் வரியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்," என்றாள் சுகிர்தா. "அது உண்மை இல்லை என்று இன்று காலைதான் தெரிந்தது."

சொன்னாள். பெயர்கள் சொல்லாமல், அழாமல், டிரம்பெட்டில் நாக்கு வைப்பது வரை சொன்னாள். இடது பக்கம் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியானால் உங்களிடம் இப்போது கேள்வியே இல்லை," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

"கேள்வி இருக்கிறது. தூசியில் நிற்கிறவர்களின் மூச்சு என்று நம் கையில் இருக்கும் எண்களில் எத்தனை அவர்களுடையது? பயம் இல்லாமல் அவர்களையே ஊத வைத்தால் தழும்பை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்? இதற்கு உங்கள் ஆய்வுக்கூடமும் வேண்டும், என் ஊரும் வேண்டும். பாதி நாள் நான் இங்கே இருக்க வேண்டும்."

"இந்த நிதியுதவி இங்கே வந்து வேலை செய்பவர்களுக்கானது," என்றார் நரைமுடி அம்மாள்.

"தெரியும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இணைப்பைத் துண்டிக்க வேண்டாம், நாங்கள் கொஞ்சம் பேசிக்கொள்கிறோம் என்றார் அந்த அம்மாள். மூன்று முகங்களும் மறைந்தன. சுகிர்தாவின் முகம் மட்டும் திரையின் மூலையில் தனியாக இருந்தது.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். அந்தக் குளிர், அந்த நுண்ணோக்கி அறை, தன் பெயர் எழுதிய கதவு எல்லாம் வேண்டும். இந்த வீடும் வேண்டும். இரண்டும் இப்படி ஒரே நேரத்தில் அவளுக்கு இதுவரை வேண்டியிருந்ததில்லை.

பின்னால் நாற்காலி இழுக்கும் சத்தம். ஜெரால்ட் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேமராவில் தான் தெரிகிறேனா என்று பார்த்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். சுகிர்தா அவர் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டேன் பாப்பா."

"இல்லப்பா."

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உன்கிட்ட போன்ல... எவ்ளோவோ பேசணும்னு இருக்கும் பாப்பா, ரயிலு லேட்டு, மாதா திருநாளுக்கு மழ, அம்மா இன்னிக்கி இன்னா திட்டுனா... எல்லாம் சேத்து வச்சிகினு உக்காந்திருப்பேன், நீ லைன்ல வந்ததும்... ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுனா மூச்சு வாங்கும், நீ கண்டுபுடிச்சிடுவ, அதான்... அம்மா கைல குடுத்துடுவேன்."

அவள் பிறந்ததிலிருந்து அவர் அவளிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். நடுவில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஒரு இடத்திலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, போனை எடுத்து எதையும் தேடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே வாங்கினார்.

"திருநாளுக்கு மழ பெஞ்சுதாப்பா?" என்று கேட்டாள் சுகிர்தா. "எந்த வருசம்? சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். திரையில் மூன்று முகங்களும் திரும்ப வந்துவிட்டன. நரைமுடி அம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்தார். சுகிர்தா அவரிடம், ஒரு நிமிடம் பொறுங்கள் என்று கையைக் காட்டினாள்.